கட்டிக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி கீமோவைச் சேர்க்கும் முயற்சி: ஒரு கணையப் புற்றுநோய்ச் சோதனை நின்றுபோனது எப்படி

எதைப் பற்றிய பதிவு இது

2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மருந்துச் சோதனை நிறுத்தப்பட்டது. பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 122 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஜெம்சிடாபின் என்ற கீமோ மருந்து ஏற்றப்பட்டது. அதோடு ஒரு பகுதியினருக்கு ஐபிஐ-926 என்ற மருந்தும், மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதே மாதிரியான போலி மருந்தும் கொடுத்தார்கள். ஐபிஐ-926 நேரடியாகப் புற்று செல்லைக் கொல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டியைச் சுற்றி இறுகிக் கிடக்கும் நார்த்திசுவை இளக்கி, ரத்த நாளங்களைப் பெருக்கி, ஜெம்சிடாபின் உள்ளே போக வழி செய்வதுதான் அதன் வேலை. கடைசியில், இந்த மருந்தை வாங்கியவர்கள் போலி மருந்து வாங்கியவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள்.

நோயாளிகள், மருத்துவர்கள், நிறுவனம் என யாருடைய பெயரும் இங்கே தேவையில்லை. கூட்டுச் சிகிச்சை என்று வந்துவிட்டால் ஒரு மருந்து மற்ற மருந்தின் பாதையை எப்படி மாற்றும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பின்னணி: ஸ்கேனில் மங்கலாகத் தெரியும் கட்டி

கணையப் புற்றுநோய்க்கு ஜெம்சிடாபின் வந்தது 1990களின் பிற்பகுதியில். 1997இல் வெளியான ஒப்பீட்டில், பழைய மருந்தான ஃபுளோரோயுராசில் வாங்கியவர்களின் நடு வாழ்நாள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 4.41 மாதம், ஜெம்சிடாபின் வாங்கியவர்களுக்கு 5.65 மாதம். ஒரு வருடம் தாண்டியவர்கள் 2 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தார்கள். சிறிய முன்னேற்றம்தான், ஆனால் அந்த நோயில் அதுவே பெரிது.

அதற்கப்புறம் பத்து வருடத்துக்கும் மேலாக ஜெம்சிடாபினோடு எதை எதையோ சேர்த்துப் பார்த்தார்கள். எர்லோடினிப் சேர்த்ததில் 5.91 மாதம் 6.24 ஆனது, அதாவது பத்து நாள். ரத்த நாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் சேர்த்த சோதனையில் 602 பேர் பங்கெடுத்தார்கள். அதைச் சேர்த்தவர்களுக்கு 5.8 மாதம், சேர்க்காதவர்களுக்கு 5.9.

இதில் ஒரு புதிர் இருந்தது. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் கணையப் புற்று செல்களை ஜெம்சிடாபின் கொல்கிறது. அந்தச் செல்களை எலியின் தோலுக்கடியில் வைத்து வளர்த்தால், அந்தக் கட்டியும் மருந்துக்குக் கட்டுப்படுகிறது. மனிதரின் வயிற்றுக்குள் இருக்கும் கட்டி மட்டும் ஏன் அசையவில்லை?

விடையின் ஒரு பாதி வழக்கமாக எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே இருந்தது. ஸ்கேனில் ரத்தம் ஓடும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றியதும் நல்ல கணையம் பளிச்சென்று தெரியும், கட்டி பெரும்பாலும் அதற்கு நடுவே மங்கலாக நிற்கும். கட்டியைக் கண்டுபிடிக்கவே அந்த மங்கல்தான் அடையாளம். கான்ட்ராஸ்டும் ரத்தத்தில்தான் போகிறது, கீமோவும் ரத்தத்தில்தான் போகிறது. ஒன்று சரியாகப் போகாத இடத்துக்கு மற்றது எப்படிப் போகும்?

கையில் ஏறும் ட்ரிப்பிலிருந்து புற்று செல் வரைக்கும் மருந்து தாண்ட வேண்டிய படிகள் பல. கட்டியின் நுண்நாளங்களுக்கு ரத்தம் வர வேண்டும். நாளத்தின் சுவரைக் கடந்து வெளியே வர வேண்டும். செல்களுக்கு நடுவே உள்ள நார்த்திசுவை ஊடுருவ வேண்டும். கட்டிக்குள் திரவ அழுத்தம் கூடுதலாக இருந்தால் வெளியே வருவதே சிரமம். அப்புறம் செல்லின் வாசல் புரதம் அதை உள்ளே எடுக்க வேண்டும், உள்ளே போனபின் செல்லின் நொதிகள் அதைச் செயல்படும் வடிவமாக மாற்ற வேண்டும். ஜெம்சிடாபினுக்கு நேரமும் குறைவு. அரை மணி நேரத்தில் ஏற்றுகிறோம், ரத்தத்தில் உள்ள நொதி அதை வேகமாகச் சிதைக்கிறது, ஒரு மணி நேரம் முன்னே பின்னே அளவு பாதியாகிவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் கட்டிக்கு ரத்தம் வரவில்லை என்றால் அன்றைய டோஸ் உடம்பின் மற்ற பாகங்களுக்குத்தான் போய்ச் சேருகிறது. பக்க விளைவு முழுதாக வரும், பலன் வராது.

எலிகளில் கண்டது

2009இல் ஒரு ஆய்வுக் குழு இதை நேராகச் சோதித்தது. தோலுக்கடியில் கட்டி வைத்த எலிகளை விட்டுவிட்டு, மரபணு மாற்றத்தால் கணையத்திலேயே தானாகப் புற்று வரும் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். மனித நோயில் காணும் கேராஸ், பி53 மரபணுப் பிழைகள் இரண்டும் அந்த எலிகளுக்கு இருந்தன. கட்டியின் தோற்றமும் மனிதக் கட்டியைப் போலவே இருந்தது. செல்கள் குறைவு, நார்த்திசு அதிகம்.

முதலில் கண்டது: இந்த எலிகளின் கட்டியில் ரத்த நாளங்களே குறைவு. இருக்கும் நாளங்களிலும் பலவற்றில் ரத்தம் ஒழுங்காக ஓடவில்லை. மனிதக் கட்டியிலும் நாளங்கள் இதே மாதிரி அரிதாக இருந்தன. தோலுக்கடியில் வளர்த்த கட்டியோ நாளங்கள் நிறைந்து, மருந்தை நன்றாக வாங்கிக்கொண்டது. ஆக, அதுவரை மருந்துகளைத் தேர்வு செய்ய நம்பியிருந்த எலியும் நோயாளியும் இந்த ஒரு விஷயத்தில் எதிரெதிராக இருந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் நிலைத்து நிற்கும் பங்களிப்பு இதுதான். பின்னால் நடந்தது எதுவும் இதைப் பொய்யாக்கவில்லை.

அடுத்தது ஐபிஐ-926. கணையப் புற்று செல்கள் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது சுற்றியுள்ள நார்செல்களைத் தூண்டி, நார்த்திசுவைப் பெருக்குகிறது. அந்தச் சமிக்ஞையை வாங்கிக் கடத்தும் ஸ்மூதன்ட் என்ற புரதத்தை ஐபிஐ-926 அடைக்கிறது. இந்த மருந்தின் மூதாதை ஒரு செடியில் இருக்கிறது. மேற்கு அமெரிக்க மலைப்பகுதிகளில் வளரும் வெராட்ரம் என்ற காட்டுச் செடியைத் தின்ற ஆடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றன. அதற்குக் காரணம் தேடிப் போனவர்கள்தான் சைக்ளோபமைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஐபிஐ-926 அதன் வழிவந்தது.

இந்த மருந்தையும் ஜெம்சிடாபினையும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் நார்த்திசு குறைந்தது. நாளங்களின் அடர்த்தி கூடியது. கட்டிக்குள் ஜெம்சிடாபினின் அளவு உயர்ந்தது. நடு வாழ்நாள் 11 நாளிலிருந்து 25 நாளானது. இரண்டில் எதைத் தனியாகக் கொடுத்தாலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையின் சுருக்கத்திலேயே ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: தற்காலிகமாக. நாளங்கள் கூடியது தற்காலிகம், நோய் நின்றதும் தற்காலிகம். கொஞ்ச நாளில் கட்டி மறுபடி வளர ஆரம்பித்தது. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, தெளிவாகவே எழுதினார்கள். படித்தவர்களின் மனதில் தங்கியது என்னவோ 11, 25 என்ற இரண்டு எண்கள்தான்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

அடுத்து மனிதர்களிடம் சோதிக்கலாம் என்று முடிவானது. பின்னாளில் தோற்றது என்பதற்காக அன்று எடுத்த முடிவைப் பொறுப்பற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளிகளுக்கு அரை வருடம்தான் இருந்தது. நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபால்ஃபிரினாக்ஸ் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அதன் முழு முடிவு வெளியானது 2011இல், 6.8 மாதத்துக்கு எதிராக 11.1 மாதம். உடம்பு தாங்கக்கூடியவர்களுக்கே அது கொடுக்க முடிந்தது. இந்தச் சூழலில், மனித நோயை ஒத்த எலியில் வாழ்நாள் இரட்டிப்பான கூட்டுச் சிகிச்சையை யார் கிடப்பில் போடுவார்கள்?

முதலில் 16 பேருக்குக் கொடுத்து டோஸையும் பாதுகாப்பையும் பார்த்தார்கள். அதில் 5 பேருக்குக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது. ஜெம்சிடாபின் மட்டும் கொடுத்தால் பத்தில் ஒருவருக்குச் சுருங்குவதே அரிது. எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஒப்பிட எதிர்க்குழுவும் இல்லை.

அப்புறம் 122 பேரைச் சேர்த்து, யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஜெம்சிடாபின் வழக்கம்போல வாராந்திர டோஸாக. ஐபிஐ-926 தினமும், வாய்வழியாக, விடாமல். பலனை அளக்க வைத்துக்கொண்டது வாழ்நாள்.

இங்கே இரண்டு இடங்களில் நான் நின்று பார்க்கிறேன். முதலாவது, எலிக்கு அந்த மருந்தைக் கொடுத்தது சில வாரங்கள். மனிதர்கள் மாதக்கணக்கில் வாங்கினார்கள். நார்த்திசு நீண்ட நாள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க, 25 நாளில் இறந்துவிடும் எலிக்கு நேரமே கிடைத்திருக்காது. இரண்டாவது, நாளம் திறந்திருக்கும் காலம் குறுகியது என்று தெரிந்தும், டோஸ் அட்டவணை அந்தக் குறுகிய காலத்தை ஒட்டி அமையவில்லை. வழி திறக்கும் மருந்தைச் சில நாள் கொடுத்து, திறந்த நேரத்தில் கீமோவை ஏற்றி, அப்புறம் நிறுத்துவது என்றும் ஒரு திட்டம் வைத்திருக்கலாம். தினமும் விடாமல் கொடுப்பது மாத்திரை மருந்துகளின் பழகிய வழி, அந்த வழியிலேயே போனார்கள்.

2012 ஜனவரி

சேர்க்கை முடிந்து, வந்த தரவை அலசியபோது போலி மருந்துக் குழுவின் நடு வாழ்நாள் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. ஜெம்சிடாபினின் பழைய அனுபவத்தோடு அது ஒத்துப்போனது. ஐபிஐ-926 குழுவில் அது ஆறு மாதத்துக்கும் கீழே. நச்சு விளைவால் அவர்கள் இறக்கவில்லை, நோய் முற்றியதே வித்தியாசத்துக்குக் காரணம். சோதனை உடனே நிறுத்தப்பட்டது, மருந்தை வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் நிறுத்தினார்கள். ஃபால்ஃபிரினாக்ஸோடு இதே மருந்தைச் சேர்த்து வேறொரு இடத்தில் நடந்த சிறிய ஆய்வும் முன்கூட்டியே மூடப்பட்டது.

நச்சு விளைவு இல்லை என்பது முக்கியம். கூட்டிய மருந்து உடம்பைக் கெடுக்கவில்லை, புற்றுக்குச் சாதகமாகிவிட்டது என்ற சந்தேகம் இங்கேதான் வலுத்தது.

அதே ஜனவரி மாதம், அதே ஸ்மூதன்ட் புரதத்தை அடைக்கும் விஸ்மோடிகிப் என்ற மருந்துக்கு ஒரு வகைத் தோல் புற்றுநோயில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அந்த நோயில் ஹெட்ஜ்ஹாக் பாதை புற்று செல்லையே ஓட்டும் எஞ்சின். அதனால் அங்கே நேரடிப் பலன் கிடைத்தது. கணையத்தில் அது சுற்றுப்புறத்தோடு பேசும் மொழி மட்டுமே. விஸ்மோடிகிப்பையும் ஜெம்சிடாபினோடு சேர்த்து 106 கணைய நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில் வாழ்நாள் 6.9 மாதம், போலி மருந்தில் 6.1. புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. கெடுதலும் தெரியவில்லை. முதல் சோதனையில் கண்ட கெடுதலில் குழுக்களின் தற்செயல் வேறுபாட்டுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்று நான் நினைப்பது இதனால்தான். பலன் இல்லை என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

என்ன நடந்திருக்கும்

2014இல் எலிகளில் செய்த இரண்டு ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன. ஒன்றில், புற்று செல் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்கவே முடியாதபடி மரபணுவை நீக்கினார்கள். நார்த்திசு குறைந்தது, நாளங்கள் பெருகின, கட்டி முன்பைவிட மூர்க்கமானது. செல்கள் வேகமாகப் பெருகின, எலிகள் சீக்கிரம் இறந்தன. ஐபிஐ-926ஐ நீண்ட நாள் கொடுத்தபோதும் இதே மாதிரியான மாற்றம் தெரிந்தது. அந்த நாளம் நிறைந்த கட்டிகள்தான் நாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துக்குக் கட்டுப்பட்டன. இன்னொன்றில் நார்செல்களை நேரடியாக அழித்தார்கள். அங்கேயும் கட்டி மோசமானது, ஜெம்சிடாபின் சேர்த்தும் பலனில்லை.

அதாவது நார்த்திசு இரண்டு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. மருந்தை உள்ளே விடாமல் தடுத்தது. கட்டியையும் வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. வேலியைப் பிரித்தபோது இரண்டு தடையும் சேர்ந்தே போய்விட்டது. மருந்து வாரத்துக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டுமே அந்த வாய்க்காலில் வருகிறது. ஆக்சிஜனும் குளுக்கோஸும் வாரத்தின் ஏழு நாளும் வருகின்றன. இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூட்டிய ஓட்டத்தால் பலன் வர வேண்டும் என்றால், அதில் வரும் மருந்து கூடுதல் வளர்ச்சியை ஈடுகட்டும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். கணையப் புற்றில் ஜெம்சிடாபின் அவ்வளவு வலுவான மருந்து இல்லை.

எதிர்த் திசையிலும் இதே சிக்கல்

ரத்த நாளத்தைக் குறைக்கும் மருந்தைக் கீமோவோடு சேர்க்கும்போது என்ன ஆகிறது என்பதற்கும் அதே 2012இல் ஒரு நேரடி அளவீடு வந்தது. ஆம்ஸ்டர்டாமில், நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒரு சிறு குழுவினருக்குக் கதிரியக்க அடையாளம் இட்ட டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தைக் கொடுத்து, பெட் ஸ்கேனில் அது கட்டிக்குள் போவதைப் படம் பிடித்தார்கள். பெவாசிசுமாப் ஏற்றிய ஐந்து மணி நேரத்துக்குள் கட்டியின் ரத்த ஓட்டமும் குறைந்தது, டோசிடாக்செல் உள்ளே போவதும் குறைந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தபோதும் நிலைமை அப்படியே இருந்தது.

பெவாசிசுமாப் கோணல்மாணலான நாளங்களைச் சீராக்கி மருந்து போக உதவும் என்ற கருத்து அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே பேசப்பட்டது. குடல் புற்றுநோயில் அதைக் கீமோவோடு சேர்த்து நல்ல பலன் கிடைத்ததும் உண்மை. 15.6 மாதம் 20.3 ஆனது. ஆனால் பலன் கிடைத்தது என்பதாலேயே மருந்து கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது என்று ஆகிவிடாது. எந்த மருந்து முதலில், எத்தனை மணி நேர இடைவெளி என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

மறுபடியும் அதே வழியில்

ஐபிஐ-926 நின்ற பிறகும் இந்த எண்ணம் ஓயவில்லை. கணையக் கட்டியில் ஹயலூரோனன் என்ற ஜெல் போன்ற பொருள் நீரை இழுத்து வைத்து, நாளங்களை நசுக்குகிறது. அதைக் கரைக்கும் நொதி மருந்தை எலிகளுக்குக் கொடுத்ததும் நசுங்கிய நாளங்கள் திறந்தன. மனிதர்களில் இரண்டாம் கட்டத்தில், ஹயலூரோனன் அதிகம் உள்ள கட்டிகளில் நோய் முற்றாமல் இருந்த காலம் 5.2 மாதத்திலிருந்து 9.2 ஆனது. அடுத்து வந்த மூன்றாம் கட்டத்துக்குப் பலன் கிடைக்கக்கூடியவர்களை முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள், அது நல்ல திருத்தம்தான்.

ஆனால் ஃபால்ஃபிரினாக்ஸோடு சேர்த்த சோதனையில் நொதி வாங்கியவர்களுக்கு வாழ்நாள் 7.7 மாதம், வாங்காதவர்களுக்கு 14.4. நச்சு விளைவு கூடியதால் கீமோவைக் குறைவாகத்தான் கொடுக்க முடிந்தது. ஜெம்சிடாபின், நாப்-பாக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகளோடும் சேர்த்த அந்த மூன்றாம் கட்டச் சோதனை 2019இல் முடிந்தது: 11.2 மாதம், எதிர்க்குழுவில் 11.5. அதோடு அந்த மருந்தும் கைவிடப்பட்டது.

இனி மாற வேண்டியவை

வழி திறக்கும் மருந்தைச் சோதிப்பவர்கள், வழி திறந்ததா என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் முதல் சில வாரத்துக்குள் அளந்தே ஆக வேண்டும். பெர்ஃப்யூஷன் சி.டி., கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. இரண்டாலும் ரத்த ஓட்டத்தை அளக்க முடியும். ஓட்டம் கூடாதவருக்கு அந்த மருந்தை அங்கேயே நிறுத்தலாம். ஓட்டம் கூடியும் கட்டி வளர்ந்தால், கோட்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது என்று இருபது பேரிலேயே தெரிந்துவிடும். வாழ்நாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை.

ஓட்டம் கூடியதோடும் நின்றுவிடக் கூடாது. முடிந்தவர்களிடம் சிறு திசுத் துண்டு எடுத்து, செல்லுக்குள் மருந்தின் செயல்படும் வடிவம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செல்லின் வாசல் புரதம் குறைவாக இருந்தால் நாளத்தைத் திறந்து என்ன பயன்? அப்புறம் அட்டவணை. எலியில் நாளம் எந்த நாளில் திறந்து எந்த நாளில் மூடுகிறது என்ற தகவல் கையில் இருந்தால், மனிதருக்கான அட்டவணை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். எலி ஆய்வையும் கீமோவை நிறுத்திய பிறகு, வழி திறக்கும் மருந்தை மட்டும் நீண்ட நாள் கொடுத்து ஒருமுறை செய்ய வேண்டும். 2014இல் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு ஆய்வில் 2010இலேயே தெரிந்திருக்கும்.

சிகிச்சை வார்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "மருந்து கட்டிக்குள்ள போகுதா டாக்டர்?" என்று நோயாளியின் வீட்டார் கேட்பது வழக்கம். கட்டிக்குள் கீமோவின் அளவை வழக்கமான சிகிச்சையில் யாரும் அளப்பதில்லை, அதை அப்படியே அவர்களிடம் சொல்லலாம். ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று ஏதேதோ மாத்திரையையும் மூலிகையையும் கீமோவோடு சேர்த்துக்கொள்ள அவர்கள் விரும்பினால், இந்த 122 பேருக்கு நடந்ததை எடுத்துச் சொல்லித் தடுக்க வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் இனி ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்க விளைவுகளின் நீண்ட பட்டியலுக்கு நடுவில் புதைக்காமல், முதல் பக்கத்திலேயே, நோயாளி பேசும் மொழியில்: "இந்த மருந்து உங்கள் கட்டிக்கு வரும் ரத்தத்தைக் கூட்டலாம். அதனால் கீமோ கூடுதலாக உள்ளே போகலாம். கட்டி வேகமாக வளரவும் செய்யலாம்."